காத்திருக்கும் சோறு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதற்கு வலக்கையை வைத்து வேறு பொருள் கூறுவாரும் உண்டு. அந்த வழக்கைத் தமிழ்த்துறை நண்பர்களிடமே விட்டுவிடுகிறேன். நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டாலும் இப்பழமொழியில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேளிக்கைப் பூங்காக்களுக்குச் சென்று திரும்புவோர் அண்மைக் காலமாக ஒரு குறையைத் தவறாமல் சொல்கிறார்கள். இராட்டினம் நன்று, செயற்கை அலை நன்று, சாப்பாடு மட்டும் முன்புபோல் இல்லை என்கிறார்கள். வகைக்குக் குறைவில்லை, முப்பது வகை, நாற்பது வகை என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயினும் வாயில் வைத்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது. இதற்குக் காரணம் கேட்டால், சமையற்காரர் சரியில்லை என்பார் ஒருவர். முதலாளி மட்டச் சரக்கு வாங்குகிறார் என்பார் மற்றொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் பெரிய காரணம் அடுக்களையிலும் இல்லை, மளிகைக் கடையிலும் இல்லை. அடுப்பிலிருந்து இறங்கிய உணவு உண்பவர் தட்டுக்கு வந்து சேரும் வரை ஓரிடத்தில் காத்திருக்கிறதே, அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல். தந்தையார் மண்டியில் மூட்டை சுமப்பவர். பேருந்துச் செலவுக்கும் புத்தகச் செலவுக்குமாக ஞாயிறுதோறும், விடுமுறை நாட்களிலும், ஒரு கேளிக்கைப் பூங்காவின் உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலைக்குப் போகிறேன். கேட்டரிங் பையன் என்பார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையுறை, தலைக்குத் தொப்பி. காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மூடித்தட்டுகளின் பின்னால் நிற்பதே வேலை. எனவே சோறு காத்திருப்பதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

பஃபே வந்த வழி

பஃபே என்பது நாமே எடுத்து உண்ணும் விருந்து. ஒரே விலை, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இம்முறை உலகெங்கும் பரவியதற்குச் சுவீடன் நாட்டு 'ஸ்மோர்காஸ்போர்டு' ஒரு முக்கியக் காரணம். வெண்ணெய் தடவிய ரொட்டி மேசை என்பது அச்சொல்லின் பொருள். அந்த மேசையில் இருந்தவை எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். காடியிலும் உப்பிலும் ஊறிய ஹெர்ரிங் மீன், உப்பிட்டுப் பதப்படுத்திய சால்மன் மீன், பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவையே முதன்மை. சூடான பதார்த்தங்கள் பிந்திய சுற்றில்தான் வரும். அஃதாவது, நெடுநேரம் மேசைமேல் இருந்தாலும் கெடாத, சுவை குன்றாத உணவுகளையே அவர்கள் மேசையில் பரப்பினார்கள். காத்திருப்பதற்கென்றே செய்த உணவுகள் அவை.

நம்மிடமும் அத்தகைய உணவுகள் இல்லாமல் இல்லை. யாத்திரைக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரையை எண்ணிப் பாருங்கள். புளியின் அமிலம் நுண்ணுயிர்களை அடக்குகிறது. நல்லெண்ணெய் ஒவ்வொரு பருக்கையையும் போர்த்தி, உலராமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கிறது. தயிர்ச் சோற்றிலோ லாக்டிக் அமிலம் அவ்வேலையைச் செய்கிறது. கட்டுச்சோறு கட்டத் தெரிந்த நம் தாய்மார் பூரியையும் அப்பளத்தையும் அந்த மூட்டையில் வைத்துக் கட்டியதில்லை.

சுவீடன் மேசை அமெரிக்க மக்களுக்குப் பெரிய அளவில் அறிமுகமானது 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில், அந்நாட்டுக் கூடத்து உணவகத்தின் வாயிலாகத்தான். கேளிக்கைக்கு வந்த கூட்டத்தின் நடுவிலேயே பஃபே அங்கே காலூன்றியது என்பது கவனிக்கத் தக்கது. 1940களில் லாஸ் வேகஸ் நகரில் எல் ராஞ்சோ வேகஸ் என்னும் விடுதி ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று அறிவித்தது. சூதாட வந்தவர் பசித்து வெளியே போய்விடக் கூடாது என்பதே நோக்கம். இங்கேதான் உணவின் நிலை மாறியது. அது விற்பனைப் பொருளாக இல்லாமல் ஆளைக் கட்டிப்போடும் கயிறாயிற்று. உணவுகளின் மேல் கண்ணாடித் தடுப்பு வைக்கும் மேசைக்கு 1959இல் காப்புரிமை கோரியவர் ஜானி கார்னோ என்ற அமெரிக்க உணவக உரிமையாளர். தும்மல் தடுப்பு என்று அதைச் சொல்வார்கள். இன்றும் நான் அதன் பின்னால்தான் நிற்கிறேன்.

கேளிக்கைப் பூங்காக்களுக்கு வருவோம். கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டபோது எதிர்பாராத கூட்டம் வந்து உணவகங்களில் உணவே தீர்ந்துபோயிற்று. கூட்டத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு முதல் நாளே சான்று கிடைத்துவிட்டது. 1971இல் ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது. அதனோடு திறந்த 'கிறிஸ்டல் பேலஸ்' என்ற உணவகம் பிற்காலத்தில் பஃபேயாக மாறிற்று. குழந்தைகள் சாப்பிடும்போது வின்னி த பூ என்னும் கரடி வேடமிட்டவர் மேசை மேசையாக வந்து கைகுலுக்குவார். கரடியைப் பார்க்கவே குழந்தைகள் அழைக்கிறார்கள். பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். கறியின் பக்குவம் அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவது இயல்பே அன்றோ?

மூடித்தட்டின் கீழே நடப்பது

இனி வேதியியலுக்கு வருவோம். பஃபேயில் உணவு வைக்கும் மூடித்தட்டைச் சேஃபிங் டிஷ் என்பர். அடியில் ஒரு தொட்டியில் வெந்நீர். அதன் கீழே சிறு டப்பாவில் எரிபொருள் கூழ் எரியும். வெந்நீரின் மேல் உணவுத்தட்டு அமரும். இது சூட்டைக் காக்கும் கருவியே தவிர, ஆறிய உணவைச் சுடவைக்கும் கருவியன்று. குளிர்சாதனக் காற்றில் சுடர் அணைந்தாலோ, தொட்டியில் நீர் வற்றினாலோ தட்டின் ஓரங்கள் முதலில் ஆறிவிடும்.

முதலில் சோற்றை எடுத்துக்கொள்வோம். அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் என்னும் நேர்ச்சங்கிலியும் அமைலோபெக்டின் என்னும் கிளைச்சங்கிலியும் இருக்கின்றன. வேகும்போது நீர் உள்ளே புகுந்து இச்சங்கிலிகளை விலக்கிப் பருக்கையை மென்மையாக்குகிறது. ஆறத் தொடங்கியதும் சங்கிலிகள் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அமைலோஸ் விரைவாகவும் அமைலோபெக்டின் மெல்லவும் இதைச் செய்யும். பருக்கை விறைக்கிறது. ரொட்டி பழசாவது உலர்வதனால் மட்டும் அன்று என்பதை பிரெஞ்சு அறிஞர் பூசிங்கோ 1852இலேயே காட்டினார். ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்தது. மறுபடி சூடாக்கியபோது மென்மை ஓரளவு திரும்பியது. இம்மாற்றம் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையில் மிக விரைந்து நடக்கும். ஆகவே முந்திய நாள் மீந்த சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் 'ஃப்ரைடு ரைஸ்' ஆக்கினால் பருக்கை உதிரி உதிரியாக நிற்கும். சீனச் சமையலில் இதையே ஒரு நன்மையாகக் கொள்வர். ஆனால் அதே சோற்றை வெள்ளைச் சோறாக மூடித்தட்டில் வைத்தால் மேற்பரப்பு உலர்ந்து சில்லாகும். அடிப்பகுதி ஆவியில் ஊறிக் குழையும். நடுவில் மட்டும் சோறு சோறாக இருக்கும்.

பூரியின் கதை இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 180 டிகிரி சூட்டில் உள்ள எண்ணெயில் மாவு விழும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பீறிட்டு வெளியேறுகிறது. பூரி உப்புவதும் அந்த ஆவியால்தான், மேல்தோல் மொறுமொறுப்பாவதும் அந்த நீர் போனதால்தான். அதை மூடித்தட்டில் போட்டு மூடிவிட்டால் என்ன ஆகும்? போன நீர் திரும்பி வருகிறது. மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து, பத்தே நிமிடத்தில் பூரி இரப்பர்த் துண்டாகிறது. வடை, பஜ்ஜி, பிரிஞ்சுபோன மசால் தோசை எல்லாவற்றுக்கும் இதே கதி. திறந்து வைத்தால் ஆறுகிறது, மூடி வைத்தால் ஊறுகிறது. நடுவழி கிடையாது.

பீன்ஸ் பொரியல் பச்சையாக உள்ளே வந்து பழுப்பாகி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருப்பதை முதலாண்டிலேயே படித்தோம். வெப்பமும் காயிலிருந்தே வெளிவரும் அமிலங்களும் சேர்ந்து அந்த மக்னீசியத்தை வெளியேற்ற, அதன் இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வந்து அமர்கின்றன. பச்சையம் ஃபியோஃபைட்டினாக மாறி மங்கிய பழுப்பு நிறம் கொள்கிறது. இலைச்சாற்றில் இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு நம் ஆய்வகத்திலேயே இதைக் காணலாம். மூடியிட்ட தட்டில் ஆவியாகும் அமிலங்கள் வெளியேற வழியின்றித் திரும்பத் திரும்பக் காய்மேல் படிகின்றன. சிலர் ஆப்பச்சோடா போட்டு நிறத்தைக் காப்பாற்றுவார்கள். நிறம் நிற்கும், காய் கூழாகும். வைட்டமின் சி ஏற்கெனவே போயிருக்கும்.

அசைவத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. சமைத்து, குளிரவைத்து, மீண்டும் சுடவைத்த இறைச்சியில் அட்டைப்பெட்டி போன்ற ஒரு வாடை அடிக்கும். 1958இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தனியே ஆராய்ந்து, 'மறுசூட்டு வாடை' என்று பொருள்படும் ஒரு பெயரையே வைத்தார்கள். இறைச்சி வேகும்போது அதிலுள்ள இரும்பு விடுபடுகிறது. அந்த இரும்பு ஊக்கியாக நின்று கொழுப்பை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. கோழியிறைச்சியில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி, ஆகையால் அதில் இவ்வாடை சீக்கிரம் தலைகாட்டும். கிராம்பு, பட்டை முதலியவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் மசாலாக் குழம்பு சற்றுத் தாக்குப்பிடிக்கும். வேகவைத்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றித் தோன்றும் பச்சை வளையமும் இரும்பின் வேலையே. அங்கே கந்தகத்தோடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. அதனால் தீங்கொன்றும் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது மணம். உணவுக்கூடத்துக்குள் நுழைந்தவுடன் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கமகமவென்று மணக்கும். வருவோர் முகம் மலரும். ஆனால் மணப்பொருள்கள் யாவும் எளிதில் ஆவியாகக்கூடியவை. கூடத்தில் மணப்பது, தட்டை விட்டுப் போய்விட்ட மணம். காற்றில் எவ்வளவு மணக்கிறதோ அவ்வளவும் சாம்பாரில் குறைந்துவிட்டது என்று பொருள். போதாக்குறைக்கு, நேரம் ஆக ஆகச் சாம்பாரில் நீர் வற்றிப் பருப்பு இறுகும். இறுகியதும் ஒரு குவளை வெந்நீர் ஊற்றிக் கலக்குவார்கள். மறுபடி இறுகும், மறுபடி வெந்நீர். உப்பும் புளியும் எங்கே நிற்கும்?

எங்கள் சமையல் மாஸ்டர் முப்பது ஆண்டுகளாகக் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். விருந்தினர் ஒருவர் சாம்பாரைக் குறைகூறி, மேற்பார்வையாளர் அவரை அழைத்துக் கண்டித்த நாளில் என்னிடம் சொன்னார்: "தம்பி, பன்னெண்டு மணிக்கு நான் எறக்குன சாம்பாரும் மூணு மணிக்கு நீ ஊத்துற சாம்பாரும் ஒண்ணா? எறக்குனதுதான் என்னோடது. இது தண்ணித் தொட்டியோட சாம்பார்." நான் மூன்று பருவங்கள் படித்த வேதியியலை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் கண்டனம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகவில்லை, அவருக்குத்தான் போயிற்று.

கல்யாணப் பந்தியில் ஏன் இது நேர்வதில்லை? பந்தியில் இலையின் முன் மனிதர் காத்திருக்கிறார். உணவு அவரைத் தேடிச் சூடாக வருகிறது. அடுத்த பந்திக்கு அடுத்த அண்டா இறங்கும். பஃபேயிலோ மனிதர் வரும்வரை உணவு காத்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

பூங்காவில் மட்டும் ஏன் இத்தனை மோசம்?

நிற்க. பஃபே நகரத்துப் பெரிய ஓட்டல்களிலும் இருக்கிறதே, அங்கே இவ்வளவு குறை சொல்வார் இல்லையே என்று கேட்கலாம். கேளிக்கைப் பூங்காவுக்கென்று சில தனித்தன்மைகள் உண்டு.

கூட்டம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. இராட்டினத்தில் வரிசை நீண்டால் சாப்பாட்டுக்கூடம் காலியாகக் கிடக்கும். திடீரென்று மழை பிடித்தால் ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் ஓடிவருவார்கள். உணவு தீர்ந்தது என்று சொல்வது பெரிய அவமானம். ஆகவே முன்னதாகவே நிறையச் சமைத்து வைக்கிறார்கள். கணிப்பில் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. 1992இல் பாரிஸ் நகருக்கு அருகே டிஸ்னியின் பூங்கா திறக்கப்பட்டபோது, ஐரோப்பியர் காலையில் அதிகம் உண்ணமாட்டார்கள் என்று எண்ணி விடுதிகளின் உணவுக்கூடங்களைச் சிறிதாகக் கட்டினார்கள். வந்தவர்களோ முழுச் சிற்றுண்டியே கேட்டார்கள். 350 இருக்கைகள் கொண்ட கூடத்தில் 2,500 பேருக்குப் பரிமாற வேண்டியதாயிற்று.

இரண்டாவது காரணமே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. நம் கல்லூரி வாசலில் உள்ள மெஸ்ஸில் ஒரு நாள் இரசம் கெட்டால் மறுநாள் நாம் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம். அந்த அச்சம் அந்த அம்மாளை நாள்தோறும் இரசத்தை ருசி பார்க்க வைக்கிறது. பூங்காவுக்கு வரும் குடும்பமோ இன்று வந்தால் இனி எந்த ஆண்டு வருமோ! நுழைவுச் சீட்டோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கியாகிவிட்டது. சுவைத்துப் பார்க்குமுன் விலை கொடுத்தாயிற்று. பல பூங்காக்களில் வெளியுணவு கொண்டுவரவும் அனுமதி இல்லை. நாளைக்கு வராதவர் நாக்கைப் பற்றி யாருக்குக் கவலை?

இதனால் செலவைக் குறைக்க எண்ணுவோர்க்குச் சாப்பாடே எளிய இடமாகிறது. இராட்டினத்தின் திருகாணியில் குறைத்தால் உயிருக்கு ஆபத்து. சாப்பாட்டில் சிறிது சிறிதாகக் குறைத்தால் உடனே தெரியாது. வெங்காயமும் தக்காளியும் அரைத்த ஒரே மசாலாவை ஐந்து பாத்திரங்களில் பிரித்து ஐந்து பெயர் வைக்கலாம். பலகையில் வகை கூடும். நாவில் வகை குறையும். வரிசையின் தொடக்கத்தில் சூப்பும் ரொட்டியும் சோறும் இருப்பதையும், விலையுயர்ந்த வறுவல் கடைசியில், அதுவும் எங்களைப் போன்ற ஒரு பையன் கரண்டியோடு நிற்கும் இடத்தில் இருப்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம்.

யார் இந்த உணவை உண்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வசதி படைத்தோர் மட்டும் அல்லர். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து மகளிர் குழுக்கள் ஆண்டுக்கொருமுறை பேருந்து பிடித்து வருகிறார்கள். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். ஒரு ஞாயிறு, மணி மூன்றிருக்கும், என் தாயார் வயதுடைய ஓர் அம்மா தட்டை ஏந்தியபடி, "தம்பி, இது காலையில செஞ்சதா, இப்பச் செஞ்சதா?" என்று மெல்லக் கேட்டார். 'இப்பத்தான் வந்துச்சு' என்பதே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த விடை. நான் வாய் திறக்காமல், அப்போதுதான் வந்திறங்கிய பக்கத்துத் தட்டைக் கரண்டியால் சுட்டிக்காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பேரையும் அங்கே அழைத்துப் போனார். இரண்டு நிமிடத்தில் தட்டு காலி.

சுவை போவது ஒன்று, உடல் கெடுவது வேறு

சுவை குன்றிய உணவெல்லாம் கேடு விளைவிப்பதில்லை. ஆனால் இரண்டும் ஒரே வழியில் நடந்து வருபவை. சூடாக உண்ண வேண்டியதை 60 டிகிரிக்கு மேல் வை, குளிர்ந்ததை 5 டிகிரிக்குக் கீழ் வை, சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதே என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் சொல்லியிருக்கிறது. அமெரிக்க விதிகளில் சூட்டின் எல்லை 57 டிகிரி.

ஏன் இந்த எல்லை? குழம்பு, இறைச்சி முதலியவற்றில் பெருகும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைத்திருக்கும். குழம்பு 45 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும். மூன்று மணி நேரத்தில் 2,62,144 ஆகும். சுடர் அணைந்த மூடித்தட்டு அதற்கு ஏற்ற இல்லம். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் பொல்லாதது. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். எனவே கெட்ட சோற்றை மீண்டும் சுடவைத்தால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. கிருமி சாகும், நஞ்சு சாகாது. பொரித்த எண்ணெய்க்கும் நம் நாட்டில் அளவு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது பலர் கைபட்ட கரண்டியைத் தொடுவதற்கே உலகம் அஞ்சியது. அமெரிக்காவில் சூப்பிளான்டேஷன் என்ற பஃபே உணவக நிறுவனம் அந்த ஆண்டே தன் கடைகளை எல்லாம் மூடியது. லாஸ் வேகஸில் மூடிய பல பஃபேக்கள் திறக்கவே இல்லை. ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் சில பஃபே உணவகங்கள் மீண்டும் திறந்தபோது, தாம்பாளத்தில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து பரிமாறினார்கள். 2022இல் மீண்டும் பழைய முறை திரும்பியது. உலகமே நின்ற இடைவெளியில் நம் பந்தி முறையை அவர்கள் ஓராண்டு நடத்திப் பார்த்தார்கள் என்று நான் வேடிக்கையாக எண்ணிக்கொள்வதுண்டு.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. பெரிய தட்டுக்குப் பதில் சிறிய தட்டு வைத்து, தீரத் தீரப் புதிதாகச் சமைத்தால் போதும். பூரி, தோசை ஆகியவற்றைக் கண்ணெதிரே சுட்டுக் கொடுக்கலாம். நாற்பது வகையைப் பதினைந்தாக்கி, அவற்றுள் பாதியைப் புளியோதரை, தயிர்ச் சோறு, ஊறுகாய், சுண்டல் போன்ற காத்திருக்கக்கூடிய உணவுகளாக வைக்கலாம். எங்கள் மாஸ்டர் இதையேதான் கேட்டார். அடுப்படிக்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்றார். சிறு தட்டு என்றால் அடுப்பு நாள் முழுதும் எரிய வேண்டும், ஆளும் நாள் முழுதும் நிற்க வேண்டும். பெருந்தட்டு என்றால் காலையிலேயே சமைத்து முடித்துப் பாதிப் பேரை அனுப்பிவிடலாம். ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த மாதம் பலகையில் மேலும் நான்கு வகைகள் ஏறின. மாலை நான்கரைக்கு மீந்த தட்டுகள் எங்களுக்கு வரும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள அந்தக் கைகள் தாம் சமைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு ஊறுகாயைத் தேடுவதைப் பல ஞாயிறுகள் பார்த்திருக்கிறேன்.

இவ்வாண்டு நம் கல்லூரிச் சுற்றுலாவில் கேளிக்கைப் பூங்காவும் இருப்பதாகக் கேள்வி. செல்லும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. கூடம் திறந்தவுடன், இராட்டினத்தை விட்டுவிட்டாவது, முதல் அரைமணிக்குள் போய்விடுங்கள். நேரம் கடந்து போனால் தயிர்ச் சோறும் ஊறுகாயும் பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை எடுக்குமுன் மூடித்தட்டின் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள், சுடர் எரிகிறதா என்று. மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடித்தால் எடுக்கலாம். அடிக்காவிட்டால் அடுத்த தட்டுக்கு நகருங்கள். பூரித் தட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் ஆவி அடித்தால் பூரி ஏற்கெனவே போய்விட்டது.